நான் சொல்லாமல் விட்ட நாலு ஸ்பூன்

“...அப்ப அன்னைக்கு நீ சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு தாயி. ரெண்டையும் என்னால நம்ப முடியாது.”

கேட்டவர் சன்னாசி அண்ணன். சிலமலையில் அவர் வீட்டு அடுப்படியில் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பதினாலு மாதப் பேத்தி. முன்னால் ஒரு தட்டு. தட்டில் சோறு, ரசம், வேகவைத்த கீரை. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது.

முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிச் சோலி பார்த்தவள் நான். ஊசியைக் கண்டதும் என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துப் பேசிய ஆண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். “நீ ஊசி போடுறியா, வேலி அடைக்கிறியா?” என்று கேட்ட கிழவரையும் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் வாயிலேயே பதில் வைத்திருப்பேன். சன்னாசி அண்ணனிடம் மட்டும் அந்தப் பதில் எதையும் எடுக்கவில்லை.

என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். காரணம் பர்வீன். போடியில் நான் வேலை பார்த்த அதே தர்ம ஆஸ்பத்திரியில், என் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் வாரம் இரண்டு முறை போன் வந்துவிடும். போன மாதம் இப்படி வந்தது:

“அக்கா, ஒரு வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் வந்து உக்காந்துருக்காக. அவர் போன்ல ஒரு வீடியோ காட்டுறாரு. காலையில வெறும் வயித்துல ரெண்டு கரண்டி நெய் குடிக்கணுமாம். அந்தம்மா போன்ல இன்னொரு வீடியோ. எண்ணெய்ங்கிறதே விசமாம். ரெண்டு பேரும் இப்ப என் மூஞ்சியப் பாக்குறாக. கொழுப்பு எம்புட்டுத்தான்க்கா சாப்புடணும்?”

“நல்ல திடமான ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு டீஸ்பூன் எண்ணெய். அதுக்குள்ள இருக்கச் சொல்லு.”

“அம்புட்டுத்தானா? இதைச் சொன்னா வீடியோ அளவுக்கு எடுபடாதேக்கா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எடுபட வேண்டுமே என்றுதான் நானும் ஒரு காலத்தில் ஒரு காரியம் செய்தேன். பர்வீனிடம் அரைகுறையாகச் சொன்னேன். “எழுதிக் குடுங்கக்கா, புதுசா ரெண்டு பிள்ளைக வந்துருக்கு, அதுகளும் படிக்கட்டும்” என்றாள். எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து பாட்டில் கழுவத்தான் சேர்ந்தேன். கழுவக் கழுவ லேபிள் படித்தேன், லேபிள் படிக்கப் படிக்க மருந்து தெரிந்தது, ஒரு நாள் நர்சு வராதபோது கட்டுப் போட்டேன், அடுத்த வருடம் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை நிறுத்து எழுதும் வேலைக்கு அனுப்பினார்கள். என் பயிற்சிக் காலம் மொத்தமும் இவ்வளவுதான். பட்டம் இல்லாவிட்டாலும் மலைத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் என்னை ‘நர்சம்மா’ என்றார்கள். நான் மறுக்கவில்லை.

என் பெரிய சொத்து, ஜனங்கள் பேசியதை எழுதி வைத்த பழைய காலண்டர் தாள்கள். தேதி கிழித்ததும் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். கொழுப்பைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கட்டு இருக்கிறது. ராசிங்காபுரத்தில் ஒரு அம்மா, “எங்க வீட்டுல எண்ணெய் ஊத்துறதில்ல நர்சம்மா, காட்டுறதோட சரி” என்றாள். தேவாரத்துப் பக்கம் ஒருத்தர், இரவெல்லாம் யானைக்குக் காவல் இருந்துவிட்டு வந்தவர், “யானை வெறும் தழையத் தின்னு அம்புட்டுப் பெருசா இருக்கு, நான் வறுத்த கறியத் தின்னு இப்படி இருக்கேன், கொழுப்பு எங்கதான் போகுது?” என்று கேட்டார். டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். போடிக்கு வந்து இருபது வருடம் ஆகியும் அவர் தமிழ் மூணாறு ரோடு மாதிரி வளைந்து வளைந்துதான் வரும். மகளே என்பதை ‘மோளே’ என்றுதான் கூப்பிடுவார். யாரையும் திட்ட மாட்டார். திட்டினால் அடுத்த முறை பொய் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. “எவ்வளவு எண்ணெய் சாப்பிடுகிறாய்?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. “கடைசியா எண்ணெய் பாக்கெட் எப்ப வாங்கின? வீட்டுல எத்தனை பேரு?” என்று கேட்பார். அதை வைத்து மனதுக்குள் வகுத்துக்கொள்வார்.

அதையும் நம்பாவிட்டால் சோற்று டப்பா. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் விடிகிற நேரத்தில் ஜீப்பில் மலையேறி, சாயங்காலம் இறங்கி, அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கையில் காலி டப்பா இருக்கும். டாக்டரம்மா அதை வாங்கித் திறப்பார். முதலில் மோந்து பார்ப்பார். பிறகு ஒரு மூடி தண்ணீரை உள்ளே ஊற்றி மெல்லச் சாய்ப்பார். தண்ணீர் பரவிப் படர்ந்தால் எண்ணெய் இல்லாத சாப்பாடு. முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருந்திருக்கிறது. முத்துகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, “இதில வடை கொண்டுபோச்சல்லே?” என்பார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சரியாகத்தான் இருக்கும்.

அவர் வந்த முதல் வருடமே என்னை உட்கார வைத்துச் சொன்னார். “மோளே, கொழுப்பு வில்லன் இல்ல. அது இல்லாட்டி தோல் வறளும், கீரையில கேரட்டில இருக்கிற சத்து உடம்புல ஏறாது, பெண்ணுங்களுக்கு மாசாமாசம் வர்றதுகூட தப்பும். பெரியவங்களுக்கு ஒரு நாள் நாலு டீஸ்பூன் எண்ணெய் மதி, அது போதும். மிச்சம் பால்ல, கடலையில, பருப்புல தானா வரும். இதயம் கெட்டவங்களுக்குக் கொஞ்சம் குறைச்சு. சின்னக் கொச்சுப் பிள்ளைங்களுக்குக் குறைக்கவே கூடாது. தாய்ப்பாலோட சக்தியில பாதி கொழுப்புதான். கடவுளே அப்படி வச்சிருக்கு.”

மூன்று விஷயம். பெரியவர்களுக்கு நாலு ஸ்பூன். இதயம் கெட்டவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. குழந்தைகளுக்குக் குறைக்கவே கூடாது. எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மைக் கையில் இருக்கும்போது மறந்துவிட்டேன்.

சிலமலையில் ஒரு மருத்துவ முகாம். டாக்டரம்மா உள்ளே ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருக்கிற கூட்டத்துக்கு வெளியே நான் பேச வேண்டும். பந்தலுக்குள் நூறு பேர் இருக்கும், ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு அம்மா எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து பக்கத்து அம்மாவுக்குப் பேன் பார்த்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய் ஒன்றை எடுத்தேன். டீக்கடையில் இருந்து ஒரு கை வனஸ்பதி வாங்கி வரச் சொன்னேன். குழாய்க்குள் அதைத் திணித்துத் திணித்து அடைத்தேன். ஒரு முனையில் வாயை வைத்து ஊதிக் காட்டினேன். காற்றுப் போகவில்லை.

“இதுதான் உங்க ரத்தக் குழாய்! இதுதான் நீங்க ஊத்துற எண்ணெய்! இப்ப ரத்தம் எங்கிட்டுப் போகும்? சொல்லுங்க!”

பந்தலே திரும்பிப் பார்த்தது. பேன் பார்த்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. “எண்ணெயைக் கண்டா எமனைக் கண்ட மாதிரி ஓடுங்க!” என்று முடித்தேன். கை தட்டினார்கள் பாருங்கள், எனக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நாலு ஸ்பூனையும் சொல்லவில்லை, குழந்தைகளையும் சொல்லவில்லை. சொன்னால் கைதட்டல் இளகிப்போகும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டாமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் சன்னாசி அண்ணன். அவர் ஜீப் டிரைவர். போடிமெட்டு வளைவுகளில் இருபத்தைந்து வருடம் ஏலக்காய்ப் பெண்களை ஏற்றி இறக்கியவர். முகாமுக்குப் பத்து நாள் முன்னால்தான் நெஞ்சு வலி வந்து, மதுரையில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆறு மாதம் வண்டி எடுக்கக் கூடாது என்று உத்தரவு. முகாம் முடிந்து என்னிடம் வந்தார்.

“தாயி, அந்தக் குழாயை எனக்குக் குடுக்கிறயா?”

“என்னத்துக்குண்ணே?”

“வீட்டுல ஆணியில தொங்க விடுறேன். வாய் நமநமன்னா பாத்துக்கிறேன்.”

பெருமையாகக் கொடுத்தேன். இதையும் காலண்டர் தாளில் எழுதி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைவிடப் பெரிய பேச்சாளர் ஆகிவிட்டார். வீட்டில் இருந்த எண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிட்டார். வண்டி ஓட்டாததால் நேரம் நிறைய. தெருவில் யார் வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டாலும் வாசலில் போய் நிற்பாராம். “ஏ பாண்டியம்மா, புருசனைக் கொல்றதுக்கு இம்புட்டுச் சத்தமா?” என்பாராம். அந்தப் பாண்டியம்மா பக்கத்து வீடு. என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள். “நர்சம்மா, அந்த மனுசனுக்குப் பயந்து நான் கடுகைச் சத்தமில்லாம வெடிக்க வைக்க முடியுமா?” இதற்கும் சிரித்தேன். அதையும் எழுதி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது.

குழந்தையை நிறுப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், புதுப் பிள்ளைகள் கவனிக்கட்டும். தொங்கு தராசை உத்திரத்தில் கட்ட வேண்டும், முகப்பு நம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் வெறும் துணிப்பையை மாட்டி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் பையின் எடையும் பிள்ளையின் கணக்கில் ஏறிவிடும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கழற்ற மறுத்தால் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை காலை உதைக்கும்போது படிக்கக் கூடாது. ஒரு நொடி அசையாமல் தொங்கும், அந்த நொடிக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு அட்டையில் மாதத்துக்கு நேரே புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுக்க வேண்டும். பிள்ளை குண்டா ஒல்லியா என்பது அப்புறம். கோடு ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

சன்னாசி அண்ணன் பேத்தி யாழினிக்கு நான் இழுத்த கோடு படுத்திருந்தது. பத்து மாதத்தில் ஏழு கிலோ முந்நூறு. பதிமூன்று மாதத்தில் ஏழு கிலோ நானூறு. அட்டையில் பச்சைப் பட்டையில் ஆரம்பித்த பிள்ளை மஞ்சள் பட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சுவரைப் பிடித்து எழும், உடனே உட்கார்ந்துவிடும். முடி செம்பட்டையாகத் திரிந்திருந்தது. அழுகைகூடச் சின்னதாகத்தான் வந்தது. குழந்தை சத்தமாக அழாவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும்.

தாய் முத்துலட்சுமி, சன்னாசி அண்ணனின் ஒரே மகள். கணவன் திருப்பூர் பனியன் கம்பெனியில். அம்மா இல்லை. அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தியதும் வீட்டு வருமானத்துக்காக ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்தாள், பால்குடியையும் நிறுத்திவிட்டாள். பகல் முழுக்கப் பிள்ளை தாத்தாவோடு.

டாக்டரம்மா பிள்ளையை மூன்று நாள் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பூச்சிக்கு மருந்து கொடுத்தாயிற்று, மூத்திரம் பார்த்தாயிற்று, காசநோய் இருக்குமோ என்று அதையும் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. கடைசியில் வழக்கமான கேள்வி.

“எண்ணெய் பாக்கெட் கடைசியா எப்ப வாங்கின?”

முத்துலட்சுமி தரையைப் பார்த்தாள். “அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சதுக்கு முந்துன வாரம்.”

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. “பிள்ளைக்கு ஒவ்வொரு நேரமும் சோத்துல ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ. முட்டை, கடலை உருண்டை. உங்க அச்சனுக்கு வேற சாப்பாடு, கொச்சுக்கு வேற சாப்பாடு. மனசிலாயா?” என்றார். முத்துலட்சுமி தலையாட்டினாள். தினமும் காலையில் பருப்புச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து ஒரு சின்ன டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் டப்பா காலி. “நல்லாச் சாப்புடுறாக்கா” என்றாள் என்னிடம், முகம் மலர்ந்து.

மூன்று வாரம் நிறுத்தேன். முள் நகரவில்லை. மூன்றாவது வாரம் நூறு கிராம் இறங்கியது.

“நாளைக்கு அந்த டப்பாவைக் கழுவாம கொண்டா” என்றேன் முத்துலட்சுமியிடம். கொண்டுவந்தாள். டாக்டரம்மா மோந்து பார்த்தார். நெய் வாசம். ஒரு மூடி தண்ணீர் ஊற்றிச் சாய்த்தார். முத்து முத்தாக உருண்டது. நெய் இருந்திருக்கிறது, சோறும் இருந்திருக்கிறது. டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார்.

“டப்பா சாப்பிட்டிருக்கு, பிள்ளை சாப்பிடல. நீ போய்ப் பாரு மோளே. உச்சி நேரத்தில போகணும். சொல்லாம போகணும். இனி குறைஞ்சா நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க போயி ஒரு காய்ச்சல் ஒட்டினா இந்த உடம்பு தாங்காது.”

மறுநாள் பன்னிரண்டரைக்குப் போனேன். வாசலில் யாரும் இல்லை. கொல்லைப்பக்கம் “பா, பா, பா” என்று கோழி கூப்பிடுகிற சத்தம். சுற்றிக்கொண்டு போனால் சன்னாசி அண்ணன் இடுப்பில் பேத்தியோடு நிற்கிறார். இன்னொரு கையில் அந்த டப்பா. நெய் மினுங்குகிற பருப்புச் சோற்றை விரலால் வழித்து வழித்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, கோழிகள் மாப்பிள்ளை மாதிரி இருந்தன.

“அண்ணே!”

திடுக்கிட்டுத் திரும்பினார். ஆனால் மறைக்கவில்லை. திருடன் முழிப்பு இல்லை அவர் முகத்தில். நான் வந்ததில் சந்தோஷம்தான் பட்டார்.

“வா தாயி, வா. நீயே பாரு இந்த அநியாயத்தை. என் மவ கூறு கெட்டவ, பிள்ளைக்கு நெய்ய ஊத்தி வச்சுட்டுப் போறா. யாரு சொல்லிக் குடுத்தாகளோ. நான் எடுத்துக் கோழிக்குப் போட்டுட்டு என் தட்டுலயே ஊட்டிடறேன். அவகிட்டச் சொல்லிராத, சடைச்சுக்குவா.”

“ஏண்ணே, பிள்ளைக்கு நெய் ஆகாதுன்னு யாரு சொன்னது?”

“யாரு சொன்னதா? நீதான் குழாயில காட்டினயே! வா, உள்ள வா. ஆணியில இன்னும் தொங்குது. என் குழாய் அம்புட்டு மொத்தம் இருந்தே அடைச்சுப் போச்சு. இவ குழாய் எம்புட்டு இருக்கும்? தலைமுடி மொத்தம்கூட இருக்காதுல்ல? அதுல போயி நெய்ய விட்டா?” பேத்தியின் தலையைத் தடவினார். “இவ பள்ளிக்கூடம் போறதைப் பாக்கணும்னுதான் நான் நாக்கைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன். எனக்கு முன்ன இவளுக்கு ஒண்ணு ஆயிரலாமா?”

அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. நான் காட்டியதை வைத்து ஒரு மனிதன் நேராக யோசித்தால் அங்கேதான் போய்ச் சேருவான்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். தட்டில் அவருக்குச் சோறு இருந்தது. நான் டப்பாவில் ஒட்டியிருந்த நெய்ச்சோற்றை ஒரு வாய் எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் தன் தட்டில் இருந்து ரசச்சோறு நீட்டினார். குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தது. டப்பாவில் இருந்ததையே அவர் கையால் கொடுக்கச் சொன்னேன். வாங்கவில்லை. தட்டைப் பார்த்தது, அவர் வாயைப் பார்த்தது. அவர் என்ன சாப்பிடுகிறாரோ அது வேண்டும், அவர் சாப்பிட்ட பிறகு வேண்டும். நாலு மாதப் பழக்கம்.

“அண்ணே, பிள்ளைக்கு ஏழு கிலோ முந்நூறுதான் இருக்கு. நாலு மாசமா ஏறலை. இந்த வயசுல ஏறாம நின்னா அது இறங்குறதுக்குச் சமம். கொழுப்பு இல்லாமத்தான் இப்படி ஆகியிருக்கு. மூளை வளர்றதுக்கே அது வேணும்.”

அவர் பேத்தியின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். விரல் சுற்றி வந்து மேலும் மீதி இருந்தது.

“அப்ப இவளுக்கு ஊத்து. எனக்கென்ன?”

“இவ உங்க தட்டுல இருந்துதானே சாப்புடுவா.”

மெல்லத்தான் விளங்கியது அவருக்கு. “அப்ப... என் தட்டுல ஊத்தச் சொல்ற.”

“ஆமாண்ணே.”

“இல்ல தாயி. நீ ஓடுன்ன. நான் ஓடுனேன். எமன்ன. நான் நம்புனேன். இப்ப நீயே வந்து எமனைச் சோத்துல பிசைங்கிற. நான் செத்துப்போனாலும் பரவாயில்லைங்கிறயா? அப்ப அன்னைக்கு நீ சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

டாக்டரம்மா பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ‘நீங்க சரியாக் கேக்கலை’ என்று அவர் தலையிலேயே போட்டிருக்கலாம். இந்த வேலையில் அது சுலபம், நாங்கள் நிறையச் செய்வோம். ஆனால் ஆணியில் என் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது.

“அன்னைக்குச் சொன்னதுதான் தப்புண்ணே” என்றேன். “டாக்டரம்மா எனக்குச் சொன்னது வேற. பெரியவுகளுக்கு நாலு ஸ்பூன், நெஞ்சு வலி வந்தவுகளுக்குக் கொஞ்சம் கம்மி, பிள்ளைகளுக்குக் குறைக்கவே கூடாதுன்னு சொன்னாக. அதைச் சொன்னா யாரும் கை தட்ட மாட்டாங்கன்னு நான் விட்டுட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில குடுத்த சாப்பாட்டுச் சீட்டைப் படிச்சீங்களா?”

“எதுக்குப் படிக்க? நீதான் கண்ணுல காட்டிட்டயே.”

மாத்திரைப் பைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. எடுத்து விரித்தேன். நெய், வனஸ்பதி, பொரித்த பண்டம் கூடாது என்று இருந்தது. அடுத்த வரியில், சமைக்க எண்ணெய் நாள் ஒன்றுக்கு மூன்று டீஸ்பூன் என்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார்.

“உங்களுக்குத் தெரியாததா?” என்றேன். “மேல ஏலத்தோட்டத்துல மழைக்கு முன்ன நிழல் மரத்தோட கிளையைக் கழிச்சு விடுறாங்க. நிழல் கூடிப்போனா காய் பிடிக்காது. அதுக்காக மரத்தையே வெட்டிச் சாச்சுட்டா?”

“செடி கருகிப்போகும்” என்றார், சீட்டில் இருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் அன்னைக்கு மரத்தை வெட்டச் சொல்லிட்டேண்ணே.”

அவர் சீட்டைப் பழையபடி நாலாக மடித்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அவர் கோபப்பட்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது. பிறகு அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கழுத்தை உயர்த்தி, தெருவே கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டார்.

“ஏ பாண்டியம்மா! நல்லெண்ணெய் இருந்தா ஒரு கிண்ணத்துல வெரசாக் கொண்டா!”

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டி கீழே விழுந்தது. பிறகு பதில் வந்தது. “என்னண்ணே, விளக்குக்கா?”

“சோத்துக்குடி!”

கிண்ணம் வந்தது. கூடவே பாண்டியம்மாவும் வந்து, நம்ப முடியாமல் நிலைப்படியில் நின்றுகொண்டாள். “எந்திரிச்சுப் போயிராத தாயி. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் இங்கனயே இரு” என்றார் என்னிடம். ஸ்பூனில் எடுத்தார், அளவு பார்த்தார், கூடுதலாகத் தெரிந்த இரண்டு சொட்டைக் கிண்ணத்தில் திரும்ப வடித்தார், மீதியைத் தட்டில் விட்டுக் கீரையோடு பிசைந்தார். பேத்தி தட்டைப் பார்த்தது, அவர் வாயைப் பார்த்தது. வாயைத் திறக்காமல் காத்திருந்தது. சன்னாசி அண்ணன் ஒரு உருண்டை பிடித்தார், இடது கையை நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டார், கண்ணை இறுக மூடி, முதல் வாயைத் தானே போட்டுக்கொண்டார்.